போன வழியே திரும்பாத மலை நடை: சென்னையிலிருந்து ஒரு நாளில் எந்த மலைக்குப் போகலாம்?

“மலை ஏறணும். ஏறின வழியிலேயே இறங்கக் கூடாது. மேலேயிருந்து ஊர் முழுக்கத் தெரியணும். ராத்திரிக்குள்ள வீடு திரும்பிடணும்.” சென்னையில் மலை நடையில் ஆசை உள்ளவர்கள் மார்கழி பிறந்ததும் கேட்கும் கேள்வி கிட்டத்தட்ட இதுதான். கேட்டுவிட்டு நாலைந்து பெயர்களைச் சொல்வார்கள்: திருக்கழுக்குன்றம், செஞ்சி, திருவண்ணாமலை, திருமலை. நாலும் நல்ல இடங்கள். ஆனால் நாலும் ஒரே ஆளுக்கு ஏற்றவை அல்ல. பாட்டியையும் பத்து வயதுப் பையனையும் அழைத்துப் போகிறவருக்குச் சொல்லும் மலையை, தினமும் பெசன்ட் நகர் கடற்கரையில் ஓடுகிறவருக்குச் சொல்ல முடியாது.

முதலில் இந்தப் பட்டியலில் எவற்றைச் சேர்க்கவில்லை என்று சொல்லிவிடுகிறேன். ஆந்திர எல்லையிலுள்ள நாகலாபுரம் மலை சென்னை இளைஞர்களிடம் பெயர் பெற்றது. ஓடை வழியே ஏறி வேறு வழியில் இறங்கும் பாதைகள் அங்கே உண்டு. ஆனால் அது வனத்துறைக் காடு. அனுமதியில்லாமல் நுழைந்து வழி தவறியவர்கள், சுனையில் மூழ்கியவர்கள் பற்றிய செய்திகள் பலமுறை வந்துவிட்டன. 2018 மார்ச் 11-இல் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்ததை மறக்கக் கூடாது. காட்டுக்குள்தான் நடக்க வேண்டும் என்றால் தமிழக அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் 40 வழித்தடங்கள் இருக்கின்றன. இணையத்தில் பதிவு செய்தால் வழிகாட்டியோடு முறையாகப் போய்வரலாம். ஏலகிரியின் சுவாமிமலை சென்னைக்காரர்களுக்குப் பிடித்த உச்சி. காற்றும் குளிர்ச்சியும் அங்கே நன்றாக இருக்கும். ஆனால் ஏறிய பாதையிலேயே இறங்க வேண்டும் என்பதால் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

## எதை வைத்து முடிவு செய்வது

பெரும்பாலானவர்கள் “எத்தனை படி?” என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அது ஏற்றத்தைப் பற்றிய கேள்வி. சுற்றி வரும் நடையில் ஆளைச் சோதிப்பது இறக்கம். ஏறும்போது மூச்சு வாங்கினால் உட்கார்ந்துகொள்ளலாம், முடியாவிட்டால் திரும்பிவிடலாம். உச்சியைத் தாண்டி மறுபக்கம் பாதி இறங்கியபின் முட்டி வலித்தால் திரும்பி ஏறுவதா, தொடர்ந்து இறங்குவதா? இரண்டுமே வேதனை. அதனால் இறங்கும் வழி எப்படிப்பட்டது, கூட வருபவர்களில் மெதுவாக நடப்பவர் அதில் இறங்குவாரா என்பதுதான் என் முதல் அளவுகோல்.

இன்னொன்றும் உண்டு. படி இறங்கியதால் வரும் தொடை வலி அன்றே தெரியாது. ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை போனால் திங்களும் செவ்வாயும் அலுவலகப் படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துத்தான் இறங்க வேண்டியிருக்கும். முடிந்தால் சனிக்கிழமை போங்கள்.

இரண்டாவது, வெயில். வட தமிழகத்து மலைகள் பலவும் மொட்டைப் பாறைகள். காலை பத்து மணிக்கே கல் சூடாகிவிடும், மாலை வரை அந்தச் சூடு இறங்காது. எந்த நேரத்தில் மலையின் எந்தப் பக்கத்தில் இருக்கப்போகிறோம் என்பதைக் கிளம்பும் முன்பே யோசித்துவிட வேண்டும்.

மூன்றாவது, செருப்பு. சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் கோயில் மலைகளில் இதுதான் நாளைக் கெடுக்கும். ஏறும் வாசலில் செருப்பை விட்டுவிட்டு இன்னொரு வழியில் இறங்கினால், கொதிக்கும் தார்ச்சாலையில் வெறுங்காலோடு முதல் வாசலுக்கு நடக்க வேண்டும். சுற்றுப் பாதைக்கே உரிய மறைமுகச் செலவு இது. ஒரு துணிப்பை கொண்டுபோங்கள். செருப்பை அதில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது.

மற்றவை வழக்கமானவை: வட்டம் உண்மையிலேயே முடிகிறதா, மேலிருந்து என்ன தெரிகிறது, பயணத்துக்கு எத்தனை மணி நேரம் போகும்.

## திருக்கழுக்குன்றம்: அரை நாளில் முடியும் வட்டம்

செங்கல்பட்டிலிருந்து சுமார் 14 கிலோமீட்டர். கார் வேண்டாம். கடற்கரை, எழும்பூர், தாம்பரம் என எங்கிருந்தும் செங்கல்பட்டு மின்சார ரயிலைப் பிடித்து, அங்கிருந்து பேருந்தில் ஏறினால் போதும். நாலு இடங்களில் செலவு மிகக் குறைவானது இதுதான்.

மலைமேல் வேதகிரீசுவரர், கீழே ஊருக்குள் பக்தவத்சலேசுவரர் இருக்கும் தாழக்கோயில். மலைக்கு 560-க்கு மேற்பட்ட படிகள். ஏறுவதற்கு ஒரு வழி, இறங்குவதற்கு இன்னொரு வழி என்பது இங்கே முன்பிருந்தே உள்ள ஏற்பாடு. ஆகவே வட்டம் தானாகவே அமைந்துவிடுகிறது. படிகள் ஒழுங்கானவை. ஐம்பது, அறுபது வயதுக்காரர்கள் இடையிடையே உட்கார்ந்து நிதானமாக ஏறிவிடுகிறார்கள்.

இறங்கும் வழியில்தான் இந்த மலையின் சிறப்பு இருக்கிறது. பல்லவர் காலத்தில் ஒரே பாறையில் குடைந்த ஒருகல் மண்டபம் அந்தப் பக்கம்தான். அதன் சுவரை நின்று பாருங்கள். 17-ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த டச்சுக்காரர்கள் தங்கள் பெயர்களையும் ஆண்டையும் கல்லில் வெட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். கடற்கரையில் சதுரங்கப்பட்டினத்தில் அவர்களுக்குக் கோட்டையும் வணிகமும் இருந்தன, அங்கிருந்து வந்தவர்கள். சிற்பங்களுக்குப் பக்கத்திலேயே அந்த ரோமன் எழுத்துகளைப் பார்க்கும்போது, கிறுக்கிவிட்டார்களே என்று கோபமும் வரும், முன்னூறு ஆண்டுகளுக்கு முன் யாரோ மூச்சு வாங்கிக்கொண்டு இதே மண்டபத்தில் நின்றிருக்கிறார்களே என்ற நினைப்பும் வரும். ஏறிய வழியிலேயே அவசரமாக இறங்கிவிடுகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

மேலிருந்து தாழக்கோயிலின் கோபுரங்களும், அவற்றைச் சுற்றிய தெருக்களும், சங்கு தீர்த்தக் குளமும் ஒரே பார்வையில் அடங்கும். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை சங்கு பிறப்பதாக ஊர் நம்பும் குளம் அதுதான். மழைக்காலம் முடிந்ததும் போனால் சுற்றிலும் ஏரிகளும் வயல்களும் பச்சையாக இருக்கும். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். இந்த ஊருக்குள்ள பட்சி தீர்த்தம் என்ற இன்னொரு பெயரைக் கேட்டுவிட்டு, தினமும் உச்சியில் உணவு வாங்க வரும் இரண்டு கழுகுகளைப் பார்க்கலாம் என்று போகாதீர்கள். அவை வருவது நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இந்தியா முழுவதும் பாறுக் கழுகுகள் அழிந்த கதையின் ஒரு பகுதி அது. எனக்கு இது பெரிய வருத்தம்.

குறை என்னவென்றால், நடை சிறியது. நன்றாக நடப்பவருக்கு ஏறி இறங்க இரண்டு மணி நேரம் போதும். அது போதாதென்றால் மலையடிவாரத்தைச் சுற்றும் கிரிவலப் பாதையையும் சேர்த்துக்கொள்ளலாம். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் காலை எட்டு மணிக்குள் முதல் படியில் கால் வைத்துவிடுவது நல்லது.

## செஞ்சி: பார்வையில் முதலிடம், வட்டத்தில் கொஞ்சம் சமரசம்

பார்வைக்காக மட்டும் என்றால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம், செஞ்சிக்குப் போங்கள்.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று மலைகள். மூன்றையும் ஒரே மதிலால் இணைத்து நடுவில் ஒரு கோட்டை நகரத்தையே வைத்திருந்தார்கள். வெளிமதிலின் சுற்றளவு சுமார் 13 கிலோமீட்டர். 1677-இல் சிவாஜி கைப்பற்றினார். பிறகு அவர் மகன் ராஜாராம் இங்கே தங்கியிருந்தபோது முகலாயப் படை முற்றுகையிட்டது. 1690-இல் தொடங்கிய முற்றுகையில் கோட்டை விழ 1698 ஆயிற்று. ராஜகிரியில் ஏறிப் பார்த்தால் ஏன் அத்தனை ஆண்டுகள் பிடித்தன என்பது காலுக்கே புரிந்துவிடும். 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் 12-ஐ யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, அவற்றில் தமிழ்நாட்டுக் கோட்டை இது ஒன்றுதான்.

வட்டத்தைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மதிலோடு ஒட்டி மூன்று மலைகளையும் சுற்றி வர ஒழுங்கான பாதை கிடையாது. முட்புதரும் சரிந்த கல்லும்தான். ராஜகிரிக்கும் ஏறிய படியிலேயே இறங்க வேண்டும். ஆனால் இப்படிச் செய்யலாம். கீழ்க்கோட்டையில் நுழைந்து கல்யாண மகால், களஞ்சியம், குளம் எல்லாம் பார்த்துக்கொண்டே போய், ராஜகிரி ஏறி இறங்கி, வேங்கடரமணர் கோயில் பக்கமாக வெளியே வந்து, திருவண்ணாமலைச் சாலையைக் கடந்து கிருஷ்ணகிரியில் ஏறுங்கள். இப்போதுதான் இறங்கி வந்த ராஜகிரி, முழு உருவத்தோடு எதிரே நிற்கும். எந்தப் பாறை விளிம்பில் நாம் நின்றோம் என்று விரல் நீட்டிக் காட்டலாம். போன வழியே திரும்பாமல் நடப்பதில் கிடைக்கும் மகிழ்ச்சியே, ஒரே இடத்தை இரண்டு பக்கத்திலிருந்து பார்ப்பதுதான். கோடு போட்டாற்போல் வட்டமாக இல்லாவிட்டாலும் அந்த மகிழ்ச்சியைச் செஞ்சி முழுதாகக் கொடுத்துவிடுகிறது.

ராஜகிரியின் உயரம் சுமார் 800 அடி. எண்ணைக் கேட்டால் சாதாரணமாகத் தோன்றும். படிகள்தான் சாதாரணமில்லை. கருங்கல்லைப் பெயர்த்து வைத்த படிகள். ஒன்று கணுக்கால் உயரம், அடுத்தது முழங்கால் உயரம். நடுவில் வழவழப்பாகத் தேய்ந்திருக்கும், சில இடங்களில் படி லேசாக முன்பக்கம் சாய்ந்திருக்கும். ஏறும்போது கண்ணுக்குப் படாத இந்தச் சாய்வு, இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் தெரியும். கமலக்கண்ணி அம்மன் கோயிலைத் தாண்டி, வாசல் வாசலாகக் கடந்து, உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் மலை இரண்டாகப் பிளந்த இடம் வரும். அதன்மேல் ஒரு சிறு பாலம். இந்தக் காலத்திலும் அதைக் கடக்கும்போது பேச்சு நின்றுவிடும். அதைத் தாண்டினால் ரங்கநாதர் கோயில், மணிக்கூண்டு, கிடந்த வாக்கில் ஒரு பீரங்கி. கிழக்கே செஞ்சி ஊர், அதைச் சுற்றி வயல்கள். மற்ற எல்லாப் பக்கமும் யாரோ கூடை கூடையாகக் கொட்டி வைத்ததுபோல் பாறைக் குன்றுகள்.

இப்போது மறைமுகச் செலவுகள். தொல்லியல் துறை காலை ஒன்பது மணிக்குத்தான் திறக்கிறது. அதாவது, வெயில் ஏறும் நேரமும் நீங்கள் ஏறும் நேரமும் ஒன்றுதான். பிற்பகல் மூன்று மணி வாக்கில் ராஜகிரி ஏறுவதை நிறுத்திவிடுவார்கள். ஆகவே கோட்டை திறக்கும்போதே அங்கே இருக்க வேண்டும். அதற்குச் சென்னையிலிருந்து காரில் ஐந்து மணிக்காவது கிளம்ப வேண்டும். பேருந்து என்றால் கிளாம்பாக்கத்திலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை போகும் வண்டி. கோட்டை ஊரைத் தாண்டி அந்தச் சாலையிலேயே இருக்கிறது, நடத்துநரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மலைமேல் கடை கிடையாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் அடியிலிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு மலையும் ஏறுவதானால் மூன்று லிட்டர்.

அப்புறம் குரங்குகள். அவற்றுக்கு மனிதர்களிடம் பயமே இல்லை. பிளாஸ்டிக் பை சரசரக்கும் சத்தம் கேட்டால் போதும், எங்கிருந்தோ இறங்கி வந்து கையிலிருந்தே பறித்துக்கொள்ளும். உணவைத் துணிப்பைக்குள் வைத்து முதுகுப்பையில் மூடிவிடுங்கள். படியில் நின்று பிஸ்கட் பிரிக்காதீர்கள். செங்குத்தான படியில் குரங்குக்குப் பயந்து பின்வாங்குவதுதான் ஆபத்து.

ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் ஒரே நாளில் என்பது திடமானவர்களுக்கு. ஒன்றுதான் முடியும் என்றால்? நான் கிருஷ்ணகிரியைத் தேர்ந்தெடுப்பேன். உயரம் குறைவு, கூட்டமும் குறைவு, மேலே கவிமாடத்தோடு அழகான மண்டபம் ஒன்று காற்றோட்டமாக இருக்கிறது. ராஜகிரிமேல் நின்றால் ராஜகிரி தெரியாது. கிருஷ்ணகிரியில் நின்றால் அதுதான் எதிரே.

ஏப்ரல், மே, ஜூனில் செஞ்சி வேண்டவே வேண்டாம். இதில் நான் பிடிவாதமாகவே இருப்பேன்.

## திருவண்ணாமலை: பெரிய வட்டமா, சிறிய வட்டமா?

திருவண்ணாமலை என்றதும் 14 கிலோமீட்டர் கிரிவலம்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். கிரிவலத்தின் பெருமையைக் குறைத்துச் சொல்லவில்லை. இந்திர லிங்கம் முதல் ஈசான்ய லிங்கம் வரை எட்டு லிங்கங்களையும் கும்பிட்டுக்கொண்டு, மலை ஒவ்வொரு திருப்பத்திலும் உருவம் மாறுவதைப் பார்த்துக்கொண்டு நடப்பது வேறெங்கும் கிடைக்காத நடை. ஆனால் அது சமதளத் தார்ச்சாலை. மலையைக் கீழிருந்து பார்க்கிறோம், மேலிருந்து ஊரைப் பார்ப்பதில்லை. மேலிருந்து பார்க்க வேண்டும் என்று வருகிறவருக்கு அதைச் சொல்ல மாட்டேன். சுமார் 2,668 அடி உயரமுள்ள உச்சிக்குப் போகவும் பொதுவாக அனுமதி இல்லை. 2024 டிசம்பர் 1-ஆம் தேதி பெருமழையில் மண் சரிந்து, அடிவார வீட்டில் இருந்த 7 பேர் இறந்தார்கள். அந்த மலைச்சரிவு எவ்வளவு நொய்ந்தது என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்தது.

நான் சொல்வது சிறிய வட்டம். ரமணாசிரமத்தின் பின்வாசலிலிருந்து கந்தாசிரமம், அங்கிருந்து விரூபாட்சி குகை, அங்கிருந்து பெரிய கோயிலின் மேற்கு வாசலான பே கோபுரத்தின் பக்கம் ஊருக்குள் இறங்கி, செங்கம் சாலை வழியே மறுபடி ஆசிரமம். நாலும் ஒரு வட்டத்தில் வருகின்றன. இந்த ஒப்பீட்டில் முழுமையான வட்டம் இதுதான். ரமணர் 1899 முதல் 1916 வரை விரூபாட்சி குகையிலும், 1916 முதல் 1922 வரை கந்தாசிரமத்திலும் இருந்தார். அவர் நடந்த வழிதான் நாம் நடப்பதும்.

ஆசிரமத்திலிருந்து ஏறும் பாதை கல் பாவியது, ஏற்றம் மெதுவானது, இருபுறமும் மரம். ஒரு காலத்தில் மொட்டையாக இருந்த சரிவு இது. பல ஆண்டுகளாக மரம் நட்டு, கோடையில் தண்ணீர் ஊற்றி, தீ பரவாமல் காத்தவர்களின் உழைப்பால்தான் இன்று நிழலில் நடக்கிறோம். கந்தாசிரமத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பாறைத் திட்டு. அங்கே நின்றால் அண்ணாமலையார் கோயில் முழுவதும், நான்கு பெரிய கோபுரங்களும், பிராகாரங்களும், குளங்களும் வரைபடம் விரித்ததுபோல் காலடியில் கிடக்கும். 217 அடி ராஜகோபுரத்தை நாம் குனிந்து பார்ப்போம். ஊர்ச் சத்தம் மேலே வரும், பேருந்து ஹாரன்கூடத் தனியாகக் கேட்கும்.

எந்தத் திசையில் சுற்றுவது என்பதில் கவனம் வேண்டும். ஆசிரமம் பக்கம் சரிவு மிதமானது. கந்தாசிரமத்திலிருந்து ஊருக்கு இறங்கும் படிகள் செங்குத்தானவை. எல்லோரும் ஆசிரமத்தில் ஏறி ஊரில் இறங்குகிறார்கள். முட்டி வலி உள்ளவர்கள் அதைத் திருப்பிப் போட வேண்டும். ஊரிலிருந்து செங்குத்துப் படியில் நிதானமாக ஏறிவிட்டு, ஆசிரமம் பக்கம் மெல்ல இறங்குங்கள். வட்டம் அதேதான், உடம்புக்கு வித்தியாசம் மிகப் பெரியது.

நேரமும் அப்படியே. கந்தாசிரமம் கிழக்குப் பக்கச் சரிவில் இருப்பதால் காலையில் வெயில் முகத்தில் அடிக்கும், கோயிலும் நிழலுருவாகத்தான் தெரியும். மதியம் இரண்டரை மணிக்குமேல் மலையே குடை பிடித்துவிடும். வெயில் நம் முதுகுப் பக்கமிருந்து கோபுரங்கள்மேல் விழும். படம் எடுக்கவும் அதுதான் நேரம். ஆனால் மாலையில் சீக்கிரமே மூடிவிடுவார்கள், மழை நாட்களில் பாதையே அடைபடும். அன்றைய நிலவரத்தை ஆசிரமத்தில் கேட்டுக்கொண்டு ஏறுங்கள். கிரிவல உள்பாதை என்று பழைய பதிவுகளில் படித்துவிட்டு அதைத் தேடிப் போக வேண்டாம், வனத்துறை மூடிவிட்டது.

மறைமுகச் செலவு பயணம்தான். ஒரு வழிக்கே நாலு மணி நேரத்துக்குமேல். சென்னை கடற்கரையிலிருந்து மாலையில் கிளம்பி நள்ளிரவில் திருவண்ணாமலை சேரும் ரயில் 2024 மே மாதம் முதல் ஓடுகிறது. கட்டணம் மிகக் குறைவு. ஆனால் திரும்பும் வண்டி விடியற்காலை என்பதால் ஒரு இரவாவது தங்க வேண்டும். பௌர்ணமியன்றும் அதற்கு முன்பின் நாட்களிலும் அறை கிடைக்காது, பேருந்தில் நிற்க இடம் கிடைக்காது. பார்வைக்காகப் போகிறவர்கள் அந்த நாட்களைத் தவிர்த்துவிட்டு, செவ்வாய், புதன்போல ஒரு சாதாரண நாளில் போனால் கந்தாசிரமத்தில் உட்கார்ந்திருக்கும் அமைதியே வேறு.

## திருமலை: அலிபிரியில் ஏறி, ஸ்ரீவாரி மெட்டில் இறங்கினால்

நீண்ட ஏற்றம் வேண்டும் என்பவர்களுக்கு மட்டும். ஒரு நாளில் முடிகிற நடையும் இல்லை. ஆனாலும் கேட்பவர்கள் இருப்பதால் சொல்கிறேன். அலிபிரி வழி சுமார் 9 கிலோமீட்டர், 3,550 படிகள். ஸ்ரீவாரி மெட்டு வழி சுமார் 2.1 கிலோமீட்டர், 2,388 படிகள். இரண்டு வழிகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டாவது வழியில் படிக்கும் படிக்கும் நடுவே ஓய்வே இல்லை. அதில் ஏறுவது சிரமம், இறங்குவது அதைவிடச் சிரமம். வழியில் வரும் காலி கோபுரத்தைத் தாண்டினால் அலிபிரி வழி காட்டு நடையாக மாறிச் சுகமாக இருக்கும். கடைசியில் வரும் மோகாளி மெட்டு என்ற செங்குத்துப் படிகள் மிச்சமிருக்கும் தெம்பையும் எடுத்துவிடும்.

வட்டமும் கீழே தானாக முடியாது. ஸ்ரீவாரி மெட்டு அடிவாரம் சீனிவாச மங்காபுரம் பக்கம், அங்கிருந்து திருப்பதிக்குப் பேருந்தோ ஆட்டோவோ பிடிக்க வேண்டும். தேவஸ்தானம் சுமையை அடிவாரத்தில் வாங்கி மேலே சேர்த்துவிடும். இறங்கும்போது அதே சுமை உங்கள் முதுகில்தான். தரிசனத்துக்கு நிற்கும் நேரத்தைக் கணக்கில் எடுத்தால் ஒரே நாள் போதாது. 2023 ஆகஸ்டில் அலிபிரி வழியில் சிறுத்தை தாக்கி ஆறு வயதுச் சிறுமி இறந்தபின் குழந்தைகளோடு நடக்க நேரக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். மேலே போகவும் பெருமாளைப் பார்க்கவும் நடக்கிறீர்கள் என்றால் ஏறுவது மட்டும் நடையில், இறங்குவது பேருந்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

## ஒரு பார்வையில்

| | திருக்கழுக்குன்றம் | செஞ்சி | திருவண்ணாமலை (சிறிய வட்டம்) | திருமலை |
|---|---|---|---|---|
| வட்டம் | மேலே முழு வட்டம் | தரையில் வட்டம், மலையில் அதே படி | முழு வட்டம் | கீழே வண்டி வேண்டும் |
| இறக்கம் | எளிது | கடினம், ஒழுங்கற்ற படி | திசையைப் பொறுத்தது | மிகக் கடினம் |
| நிழல் | குறைவு | மிகக் குறைவு | நன்று | பெரும்பகுதி கூரை |
| உகந்த நேரம் | அதிகாலை | திறந்தவுடன், குளிர்மாதம் மட்டும் | பிற்பகல் | அதிகாலை |
| மேலே தெரிவது | கோயில், குளம், ஏரிகள் | கோட்டை, மூன்று மலை, சிற்றூர் | கோயில் நகரம் முழுவதும் | காடும் நகரமும் |
| சென்னையிலிருந்து | அரை நாள் | முழு நாள் | நீண்ட முழு நாள், தங்கினால் நல்லது | இரண்டு நாள் |

## யார் எங்கே போகலாம்

வீட்டுப் பெரியவர்களும் சிறு பிள்ளைகளும் கூட வருகிறார்கள், மலை நடை இதுவே முதல்முறை என்றால் திருக்கழுக்குன்றம். யோசிக்கவே வேண்டாம். மாலையில் மாமல்லபுரம் போய்க் கடற்கரையில் உட்கார்ந்துவிட்டும் வரலாம்.

தை மாதம், உடம்பில் தெம்பு இருக்கிறது, கல்லூரி நண்பர்கள் நாலு பேர் சேர்ந்திருக்கிறீர்கள், விடிகாலையில் எழுந்திருக்கச் சோம்பல் இல்லை. செஞ்சி.

தனியாகவோ துணைவரோடோ போகிறீர்கள், அவசரமில்லை, ஒரு இரவு தங்க முடியும் என்றால் திருவண்ணாமலையின் சிறிய வட்டம். மழை ஓய்ந்த நாளாகப் பாருங்கள். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கும், மேலே சொன்ன எதிர்த்திசையில் போவதாக இருந்தால், செஞ்சியைவிட இதுவே நல்லது.

செஞ்சியா, திருவண்ணாமலையா என்று முடிவெடுக்க முடியாமல் தவிப்பவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. இரண்டும் ஒரே சாலையில், சுமார் 38 கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. சனிக்கிழமை காலை செஞ்சியில் இறங்கி, வெயில் முற்றும் முன் கிருஷ்ணகிரி மட்டும் ஏறி இறங்குங்கள். ஊருக்குள் வந்து சாப்பிட்டுவிட்டு, மதியம் திருவண்ணாமலைப் பேருந்து. அன்று மாலை கோயிலுக்கு மட்டும் போய்க் காலுக்கு ஓய்வு கொடுங்கள். மறுநாள் காலை வெயில் பிரச்சினை இருந்தாலும், எட்டரை மணிக்கே ஆசிரமத்திலிருந்து மர நிழலில் ஏறத் தொடங்கினால் பதினோரு மணிக்குள் பே கோபுரத் தெருவுக்கு இறங்கிவிடலாம். மதியச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பிவிடுங்கள். ஞாயிறு மாலை செங்கல்பட்டைத் தாண்டியபின் பரனூர் சுங்கச்சாவடியிலிருந்து பெருங்களத்தூர் வரை வண்டிகள் ஊர்ந்துதான் போகும். இரண்டு மணிக்குள் திருவண்ணாமலையை விட்டால் அந்த நெரிசலுக்கு முன்பே தாம்பரம் வந்துவிடலாம்.